கயிற்றுக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 11, செவ்வாய்

வெயில். கார் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. காலை ஷிப்ட் முடிந்து சுங்கை ஊடாங்கிலிருந்து வீடு வந்து சேர நாலரை ஆகிவிட்டது. நோன்பு மாதம், எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். வழியெல்லாம் நெரிசல்.

செய்ய வேண்டியவை: ஏர்கான் ஃபில்டர் கழுவ. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை. அப்பாவின் முதல் வருஷத் திதி 23, ஞாயிறு. அன்றைக்குக் காலை ஷிப்ட் விழுகிறது. சூப்பர்வைசர் ரோஸ்லியைக் கேட்டு மதியத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஓர் இமெயில். கோலாலம்பூரில் ஏதோ வக்கீல் அலுவலகம். வழவழவென்று மூன்று பக்கம் ஆங்கிலம். விஷயம் இவ்வளவுதான்: சரவணன் கம்பெனியை விற்கிறான்.

வாங்குவது அமெரிக்காவில் கிராபிக்ஸ் சிப் செய்யும் பெரிய நிறுவனம். கேம் விளையாடுகிற பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குகிற கார்டுக்குள் இருப்பது அவர்கள் சிப். சரவணன் கம்பெனி செய்வது கேமுக்குள் இருக்கும் இயற்பியல். பெட்டி விழுவது, துணி பறப்பது, கயிறு ஆடுவது எல்லாம் நிஜம்போல் தெரியக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் மென்பொருள். அந்தக் கணக்கை இனிமேல் சிப்பே போடுமாம். அப்படியானால் சிப் இன்னும் நிறைய விற்குமாம்.

சரவணன் கம்பெனி என்று எழுதிவிட்டேன். டவுனில் பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்து நானும் அவனும் தொடங்கியது. அதில் கயிறு என்னுடையது. முழுக்க நான் எழுதியது. போன வருஷம் விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது அவர்களுக்கு என் கையெழுத்து வேண்டும். நான் எழுதியதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், எனக்கு அதில் எந்த உரிமையும் இல்லை என்று. ஆரம்பித்த காலத்தில் எங்களுக்குள் பேப்பர் எதுவும் கிடையாது. கோயிலில் இரண்டு பேர் பெயருக்கும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தோம். தேங்காய் நன்றாக உடைந்தது. அதுதான் அக்ரிமெண்ட். அமெரிக்க வக்கீலுக்கு அது போதாதாம்.

21ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் போட வேண்டும். லிங்க் அனுப்பியிருக்கிறார்கள், ஃபோனிலேயே விரலால் போடலாம். சரவணனிடமிருந்து ஒரு வரி இல்லை.

போனை மூடிவிட்டுப் படுத்தேன். ஃபில்டர் கழுவவில்லை.

12, புதன்

மூட்டம். மழை இல்லை. காலை ஷிப்ட்.

மத்தியானம் கவிதா கூப்பிட்டாள். மேல்மாடி அறையில் நாங்கள் வேலைக்கு எடுத்த முதல் ஆள். கேமில் பெட்டியைத் தள்ளிவிட்டு, சரியாக உருளுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தள்ளினாலும் அலுக்காது அவளுக்கு.

"அண்ணே, சாப்டாச்சா?"

"ஆச்சு. விஷயத்தச் சொல்லு."

"நீங்க சைன் பண்ணலன்னா அவங்க வாங்க மாட்டாங்களாம் அண்ணே. இந்த வருஷம் கஸ்டமரே இல்ல. அவங்க வாங்கலன்னா ஆபீஸ மூட வேண்டியதுதான். வாங்குனா நாங்க எல்லாரும் இங்கயே, மலாக்காவுலயே இருந்து வேல செய்யலாமாம். வேற எவன் லா இந்த ஊர்ல பெட்டிய உருட்டிவிட்டுப் பாக்குறதுக்குச் சம்பளம் குடுப்பான்?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரவணன் கேக்கச் சொன்னானா?"

"இல்ல அண்ணே. அவரு உங்க பேர எடுத்தாலே ரூமுக்குள்ள போயிருவாரு."

யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மனைவி உஷா, செங் வட்டாரத்திலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"போட்டுட்டு விடுங்க. ஒரு வருஷமா அந்த ஆளு பேர எடுத்தா உங்களுக்குச் சோறு எறங்க மாட்டுது. அந்தக் கயித்த வச்சு இப்ப என்னா பண்றீங்க? துணியா காயப்போடுறீங்க?"

பணம் காரணமில்லை. அதை நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். உஷாவுக்கும் அது தெரியும். பிறகு எதற்கு முறுக்கிக்கொள்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

14, வெள்ளி

வெயில். தலைவலி. காலை ஷிப்ட்.

எண்ணெய் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் நாள் முழுக்க அழுத்தமும் வெப்பமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே இயற்பியல் நிஜம். தப்புப் பண்ணினால் திரும்ப ஆரம்பத்திலிருந்து ஓடவிட முடியாது. நோன்பு பிடித்திருக்கிற ரோஸ்லி முன்னால் தண்ணீர் குடிக்கக் கூச்சமாக இருக்கிறது. அவர் "மினும் லா குணா, குடி, நோன்பு எனக்கு, ஒனக்கு இல்ல" என்று மலாயும் தமிழுமாகக் கிண்டல் செய்கிறார். எங்களோடு வேலை செய்தே தமிழ் பிடித்துவிட்டார்.

ஷிப்டை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். 23 மதியம் மூன்று மணிக்கு வந்தால் போதும். நல்ல மனுஷன்.

கயிறு. இதையாவது இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. கேமில் கயிறு கட்டுவது சுலபம். அடங்க வைப்பதுதான் கஷ்டம். பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டால் எல்லாருடைய கயிறும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. பார்க்கிறவனுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடும். என் கயிறு ஆடும், தளரும், பிறகு சும்மா இருக்கும். மாசக்கணக்கில் உட்கார்ந்தேன் அதற்கு. முதல் தடவை அது ஆடி அடங்கியபோது சரவணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினான். கீழே பல் பிடுங்க வந்தவர்கள் பயந்திருப்பார்கள்.

அந்த மாசங்களில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தது அப்பா. லோரி ஓட்டிவிட்டு வந்து, குளித்து, அம்மா கட்டிக்கொடுத்ததை மோட்டார்சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவார். இரண்டு பொட்டலம், எப்போதும் இரண்டும் ஒரே அளவு. சரவணனுக்கு மீன் தலை பிடிக்கும் என்று அதை அவன் பொட்டலத்தில் வைக்கச் சொல்வார். எனக்கும்தான் மீன் தலை பிடிக்கும். அப்பா செத்தபோது சரவணன் அமெரிக்காவில். டெமோ காட்டப் போயிருந்தான், இதே சிப் கம்பெனிக்கு. மெசேஜ் வந்தது, நாலு வரி, கடைசியில் கைகூப்பிய படம். திரும்பி வந்தும் காரியத்துக்கு வரவில்லை. அந்த வாரம் அவர்கள் ஆட்கள் சிங்கப்பூருக்கு வந்திருந்தார்களாம்.

சாவு வீட்டுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. தானாக வர வேண்டும். வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நான் வேலையை விட்டேன். அவனிடம் காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கிவிட்டேன்.

16, ஞாயிறு

ஓய்வு நாள். காலையில் பாசாரில் காய்கறி. ஃபில்டர் கழுவினேன், ஒருவழியாக.

மத்தியானம் சரவணன் வந்தான்.

கார் சத்தம் கேட்டுத்தான் எட்டிப் பார்த்தேன். இளைத்திருக்கிறான். முன்தலையில் முடி போய்விட்டது. இறங்கி, பின்கதவைத் திறந்து, பட்டுத்துணி மூடிய ஒரு தட்டை இரண்டு கையாலும் எடுத்தான். நான் கேட்டைத் திறந்தேன், அவ்வளவுதான். "வா" என்று வாயில் வரவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து, "வாய்யா சரவணா, வெயில்ல நிக்காத" என்றார்.

ஹாலுக்குள் வந்தவன் நேராக அம்மாவிடம் போய்க் குனிந்து தட்டை நீட்டினான். ஒவ்வொரு தீபாவளிக்கும் இப்படித்தான் நீட்டுவான், அதே குனிவு. அம்மா துணியை விலக்கினார். ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு. ஒரு பெட்டி லட்டு. அதற்கு மேல் ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் மஞ்சள் பொட்டலம், குங்குமப் பொட்டலம்.

உஷா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

அம்மா நெற்றியில் ஒரு வருஷமாகத் திருநீறு மட்டும்தான். அவனுக்கு அது அப்போதுதான் கண்ணில் பட்டது. முகம் வெளுத்துவிட்டது. தட்டு அவன் கையிலா அம்மா கையிலா என்று தெரியாமல் நடுவில் நின்றது.

"அம்மா... வீட்ல பிரேமாதான் வச்சுக் குடுத்தா. வெறுங்கையோட போவாதீங்கன்னு. நான் பாக்கல மா. எப்பவும் போல எடுத்து..."

"பரவால்லய்யா. பழக்கத்துல வந்துருச்சு. எனக்கே சில நாளு கண்ணாடி முன்னால நின்னா கை அந்த டப்பாவத் தேடுது."

அம்மா பூவையும் குங்குமத்தையும் எடுத்து உஷாவிடம் கொடுத்தார். பழத்தை மட்டும் சாமி மேடை பக்கத்தில் வைத்தார். லட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் இன்னும் இனிப்புச் செய்கிற நாள் வரவில்லை என்பதை அவனுக்குச் சொல்லவுமில்லை.

உட்கார்ந்தான். காபி குடித்தான், பாதி. அப்பா படத்தைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டான், எனக்குத் தெரிந்தது. என்னிடம், "வேல எப்படி?" என்றான். "ஓடுது" என்றேன். "ஷிப்டா?" "ஷிப்டுதான்." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. பத்து நிமிஷத்தில் எழுந்து, அம்மாவிடம் "போயிட்டு வரேன் மா" என்று சொல்லிவிட்டு, அதுவும் தப்பு என்று பாதியில் தெரிந்து, வாயை மூடிக்கொண்டு போனான்.

எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே சிரிப்பாகப் போயிருக்கும், அம்மா முகத்தை நான் பார்க்காமல் இருந்திருந்தால். கஷ்டமாக இருந்தது. படித்தவன், உலகம் சுற்றுகிறவன், அம்மாவின் நெற்றியைக்கூடப் பார்க்கவில்லை. அப்பா செத்தது அவனுக்கு ஒரு தகவல்தான், இன்னும் உள்ளே இறங்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை எனக்கு.

போடப்போவதில்லை. முடிவு.

17, திங்கள்

இந்த வாரம் மதிய ஷிப்ட். காலையில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா லட்டுப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பூவை உஷா நேற்று வைத்துக்கொள்ளவில்லை, முருகன் படத்துக்குப் போட்டாள். கார் கழுவும்போது அம்மா வந்து நின்றார்.

"அவன் எதுக்குடா வந்தான்?"

சொன்னேன். கம்பெனி, சிப், கையெழுத்து. அம்மாவுக்குச் சிப் என்றால் உருளைக்கிழங்குதான், ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது.

"அப்பறம் ஏன் கேக்காம போனான்?"

"வெக்கமா இருந்துருக்கும்."

"வெக்கம் இருக்குல்ல. அது போதும்." அதோடு துணி எடுக்கப் போய்விட்டார். போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு மன்னிப்பது சுலபம், அவருக்கு அது சமையல் மாதிரி, தினம் செய்கிற வேலை. எனக்குக் கையே வராது.

19, புதன்

மழை, கொட்டித் தீர்த்தது. சுங்கை ஊடாங் போகிற வழியில் ஓர் இடத்தில் ரோட்டில் தண்ணீர். லேட்.

கவிதா மெசேஜ், ஷிப்டுக்குப் போகும் முன். குரலில். மூன்று தடவை கேட்டேன், அதனால் ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, உங்களுக்குக் கோவம் இருக்கு, நியாயம்தான். அப்பா காரியத்துக்கு நாங்க எல்லாரும் வந்தோம். நான் வந்தேன், ஒங்க வீட்ல பாத்திரம் கூட வெளக்குனேன். நாங்க என்ன அண்ணே பண்ணோம்? அவர் வரலன்னு எங்க வேலையப் புடுங்குனா எப்படி?"

பாத்திரம் விளக்கினாள். உண்மை. பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, சுடிதார் நனைய.

கண்ட்ரோல் ரூமில் ரோஸ்லி நோன்பு திறக்கும் நேரம். பேரீச்சம்பழம் ஒன்று என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் ஸ்கிரீனைப் பார்த்தபடியே சாப்பிட்டோம். முகம் சரியில்லையே என்றார். பழைய வேலையில் ஒரு பேப்பர், சைன் கேட்கிறார்கள் என்றேன்.

"ஒனக்கு நஷ்டமா?"

"இல்ல."

"அவனுக்கு நஷ்டம் வரணும்னு பாக்குறியா?"

அலாரம் ஒன்று அடித்தது, சின்னதுதான், ரெண்டு பேரும் அதைப் பார்க்கப் போய்விட்டோம். நல்லவேளை.

வீட்டுக்கு வந்தும் அதே கேள்வி. ஆமாம், நஷ்டம் வரணும். அவனுக்கு ஏதாவது ஒன்று உடைய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் உடையப்போவது கவிதாவின் வேலை. அவன் மூளைக்கு வேறு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்வான். களைப்பாக இருக்கிறது. ஒருவன்மேல் கோபமாக இருப்பது இன்னொரு ஷிப்ட் மாதிரி. விடுப்பே கிடையாது.

20, வியாழன்

வெயில் திரும்பிவிட்டது. முதுகு வலி.

போட்டுவிட்டேன்.

கிளம்பும் முன், காரில் உட்கார்ந்து, ஏர்கான் குளிரும்வரை காத்திருக்கும்போது. லிங்கைத் திறந்து, மூன்று பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். கட்டத்துக்குள் விரலால் எழுத வேண்டும். என் பெயர் கோணல்மாணலாக வந்தது. அழித்து இன்னொரு தடவை போட்டேன். அதுவும் கோணல்தான். சரி, இருக்கட்டும்.

கவிதாவுக்குத்தான் போட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே சரவணனுக்காகப் போட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

கயிறு இனி என்னுடையது இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கார் குளிர்ந்தது, கிளம்பினேன்.

கவிதாவிடமிருந்து சாயங்காலம் ஒரு மெசேஜ், வெறும் அழுகிற முகங்கள், ஒரு வரிசை.

21, வெள்ளி

காலையில் இரண்டு மெசேஜ்.

ஒன்று இயந்திரம் அனுப்பியது: எல்லாரும் கையெழுத்திட்டாயிற்று, உங்கள் நேரத்துக்கு நன்றி.

இன்னொன்று சரவணன்: "ரிசீவ்ட். தேங்க்ஸ் டா."

இயந்திரமே பரவாயில்லை. அதற்காவது நேரத்துக்கு நன்றி சொல்லத் தெரிகிறது.

உஷாவிடம் காட்டினேன். "வேற என்னா எதிர்பாத்தீங்க? கவிதையா?" என்றாள். பிறகு, கொஞ்சம் தணிந்து, "வேல முடிஞ்சுருச்சுல்ல, இனி ஏன் வரப் போறாரு. விட்டுருங்க" என்றாள்.

அதுதான். இனி அவனுக்கு இந்த வீட்டில் வேலை இல்லை. கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் இன்னொரு தடவையாவது வந்திருப்பான். அப்பா திதிக்கே வந்திருப்பான், சாப்பிட்டிருப்பான், பிறகு ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டிருப்பான். இப்போது அதுவும் இல்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்பா திதிக்கு ஆள் சேர்க்கக் கையெழுத்தை வைத்துக்கொண்டு இருந்தேனா?

22, சனி

நாளைக்குப் படையல். வாங்கியவை: ஆட்டிறைச்சி, வாழை இலை, கத்தரிக்காய், முருங்கைக்காய், கருவாடு, அப்பளம், ஒரு போத்தல் ஸ்டௌட் பீர், அப்பா பிடிக்கிற சிகரெட் ஒரு பெட்டி. கடைக்காரச் சீனர் என்னைப் பார்த்து, "லு, நீ இப்ப சிகரெட் புடிக்க ஆரம்பிச்சா?" என்றார். அப்பாவுக்கு என்றேன். "ஓ" என்று தலையாட்டி ஒரு தீப்பெட்டி சும்மா கொடுத்தார்.

ஷிப்டுக்கு முன் தேங்காய் துருவிக் கொடுத்தேன். அம்மாவுக்குக் கால் வீக்கம், உட்கார்ந்து செய்யச் சொன்னால் கேட்கவில்லை.

சரவணனுக்குச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை என்றார். "இதுக்கெல்லாம் யாருடா கூப்புடுவா?"

23, ஞாயிறு

மணி ஒன்றே முக்கால். வேலைக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன், ராத்திரி வந்தால் எழுத மாட்டேன்.

காலையில் நல்ல காற்று. பண்டாரம் எட்டு மணிக்கு வந்து செய்ய வேண்டியதைச் செய்தார். பிண்டம், எள், தண்ணீர். சித்தப்பா வீட்டு ஆட்கள், பக்கத்து வீட்டார், உஷாவின் அண்ணன். நான் கீழே உட்கார்ந்து பண்டாரம் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா பெயர், தாத்தா பெயர். நிமிர்ந்து பார்த்தபோது வாசல் ஓரத்தில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், சரவணன் நின்றுகொண்டிருந்தான். வெள்ளை வேட்டி. கையில் ஒன்றும் இல்லை.

எனக்கு நடுவில் வார்த்தை விட்டுப்போயிற்று. பண்டாரம் இன்னொரு தடவை சொன்னார்.

முடிந்ததும் படம் முன்னால் இலை போட்டுப் படைத்தோம். பிரட்டல், கருவாட்டுக் குழம்பு, எல்லாம். ஸ்டௌட்டைத் திறந்து கிளாசில் ஊற்றியது உஷாவின் அண்ணன். சிகரெட்டை நான் பற்ற வைக்க வேண்டும், தீக்குச்சி இரண்டு தடவை அணைந்துவிட்டது. சரவணன் வந்து காற்றுக்குக் கை மறைத்துப் பிடித்தான். பற்றிக்கொண்டது. அப்புறம் படத்தைப் பார்த்தான், நேராக, ரொம்ப நேரம். தோள் குலுங்கியது. ஒரு வருஷம் லேட்டாக அப்பா அவனுக்குச் செத்துப்போனார்.

காக்கைக்கு வைக்க நான் பின்பக்கம் போனேன். அவனும் வந்தான். துணிக்கொடிக்குக் கீழே நின்றோம். காக்கை வரவில்லை, மைனாதான் வந்தது.

"நேத்துக் காலைல அவங்களோட கால்," என்றான். "அமெரிக்கா. இனி என்ன செய்யப் போறோம்னு காட்டுனாங்க. குணா, அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரு கயிறு இருக்காம் டா. நம்மளுத நிப்பாட்டிருவாங்க."

"அப்ப எதுக்கு வாங்குறாங்க?"

"ஆளுங்க வேணும். அப்பறம், மத்த சிப்காரன் வாங்கிறக் கூடாது. அதுக்குத்தான்."

"அவங்க கயிறு அடங்குதா?"

தலையை ஆட்டினான், இல்லை என்று. "நடுங்குது. நல்லாவே நடுங்குது. பிக்சல்தான, யாரு பாக்கப் போறான்னு சொல்றாங்க."

"கவிதா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் இருக்காங்க. இங்கயே. அத எழுதி வாங்கிட்டேன், இந்தத் தடவ பேப்பர்ல."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துதான். நீ போட்டதுக்கு அப்பறம். சத்தியமா."

"போன்ல சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்." வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றான். "ஒரு தடவ மெசேஜ்ல முடிச்சேன். இன்னொரு தடவ அப்படிச் செய்யக் கூடாதுன்னு தோணுச்சு. இன்னிக்குத் திதின்னு எனக்குத் தெரியும் டா. போன வருஷமே காலண்டர்ல குறிச்சுதான் வச்சேன். வர தைரியம் வருமான்னுதான் தெரியல."

நான் கத்தியிருக்க வேண்டும். மாசக்கணக்கில் எழுதியது, இதற்காகக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டது, யாரோ ஒருவன் இழுப்பறையில் போட்டு மூடிவிடப் போகிறான். வலிக்கிறது. நிஜமாகவே வலிக்கிறது. ஆனால் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு வருஷமாக நான் காத்திருந்தது இவன் இந்த வீட்டு வாசலில் வெறுங்கையோடு வந்து நிற்பதற்குத்தான். அவனுக்கு என்னிடம் வாங்க எதுவும் மிச்சமில்லை. வந்திருக்கிறான்.

"வா, சாப்புடு," என்றேன்.

பந்தியில் அம்மா அவனுக்குப் பக்கத்தில் நின்று வைத்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கினான். சாப்பிட்டு, கை கழுவி, ஹாலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தவன் அப்படியே சரிந்து தூங்கிவிட்டான், பாயில்லாமல், வெறும் தரையில். விற்கிற கவலையில் எத்தனை நாள் தூங்கவில்லையோ. வாய் திறந்திருக்கிறது. சித்தப்பா பிள்ளைகள் அவனைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள்.

உஷா எழுப்பவா என்றாள். வேண்டாம் என்றேன். அம்மா ஒரு தலையணை கொண்டு வந்து, அவன் தலையைத் தூக்கி, அடியில் வைத்தார். எழவில்லை.

மணி இரண்டே கால். கிளம்புகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எழுந்தால் காபி கொடுங்க, நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க என்று.